பெயரும் பால்விகுதியும்: இந்தியத் திரைப்படங்களில் தன்பாலீர்ப்பினர், திருநர் வாழ்வு

முன்னுரை

ஒருவரை எச்சொல்லால் சுட்டுவது என்பது இலக்கணச் சிக்கலாக மட்டும் என்றும் இருந்ததில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரையும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் ஒரே நூற்பாவில் வைத்து, அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், அவை உயர்திணை முடிபே கொள்ளும் என்றும் வரையறுக்கிறார். நன்னூலார் பெயரியலில் ஒருபடி மேற்செல்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பாலாகவும் கொள்ளப்படுவர் என்பது அவர் கருத்து. ஒருவர் அவாவும் பாலே அவருடைய பால் என்னும் இக்கொள்கை, எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இலக்கண நூல் ஒன்றில் இடம்பெற்றிருப்பது வியப்புக்குரியது. ஆனால் அதே நூற்பா, இவ்விரு சாராரையும் அஃறிணை போலக் கூறவும் இடந்தருகிறது. ஏற்பும் இழிப்பும் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இந்த இரட்டை நிலை இந்தியத் திரைப்படங்களிலும் தொடர்கிறது. 1990களுக்குப் பின் தன்பாலீர்ப்பினர், திருநங்கையர் வாழ்வை மையமாகக் கொண்டு பல இந்திய மொழிகளில் குறிப்பிடத்தக்க படங்கள் வெளிவந்துள்ளன. இப்படங்கள் குறித்த பேச்சு பெரும்பாலும் துணிவு, சர்ச்சை, தணிக்கை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இப்படங்களுள் சிறந்தவற்றின் மையச் சிக்கல் உடலன்று, சொல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். யாருக்குப் பெயர் உண்டு, அப்பெயரை இடுபவர் யார், பெயர் மறுக்கப்படுவோர் யார் என்னும் வினாக்களைக் கொண்டு, ‘ஃபயர்’, ‘நானு அவனல்ல அவளு’, ‘அலிகர்’, ‘காதல் – தி கோர்’, ‘சூப்பர் டீலக்ஸ்’, ‘கீலி புச்சி’ ஆகிய ஆறு படைப்புகள் ஈண்டு ஆராயப்படுகின்றன. இவை ஆறும் தமிழ் மாணவர்கள் பார்த்து விவாதிக்கத்தக்கவை.

சொல் இல்லாத மொழி

தீபா மேத்தா இயக்கிய ‘ஃபயர்’ 1996இல் உருவானது. இந்தியாவில் 1998 நவம்பரில் திரையிடப்பட்டது. தில்லி நடுத்தரக் குடும்பம் ஒன்றில் கணவன்மாரால் புறக்கணிக்கப்பட்ட ஓரகத்தியர் இருவரும் ஒருவர்மீது ஒருவர் காதல் கொள்வதே கதை. மூத்தவள் இராதாவாக ஷபானா ஆஸ்மியும் இளையவள் சீதாவாக நந்திதா தாஸும் நடித்திருந்தனர். 1998 டிசம்பர் முதல் வாரத்தில் மும்பையிலும் தில்லியிலும் திரையரங்குகள் தாக்கப்பட்டன. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, வெட்டின்றி 1999 பிப்ரவரியில் திரும்ப வெளிவந்தது. தாக்குதலுக்கு எதிராகத் தில்லி ரீகல் திரையரங்கின் முன் கூடியவர்களிடமிருந்து பெண் தன்பாலீர்ப்பினர் உரிமைக்கான இயக்கம் ஒன்றும் உருவாயிற்று.

இப்படத்தில் சீதா ஓரிடத்தில், தங்களுக்கிடையே உள்ள உறவைக் குறிக்கத் தங்கள் மொழியில் ஒரு சொல்லும் இல்லை என்கிறாள். இக்கூற்று படத்தின் திறவுகோல் எனலாம். ஆனால் அதில் ஒரு முரண் உண்டு. படம் ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டது. ‘எங்கள் மொழி’யில் சொல் இல்லை என்னும் துயரம், அம்மொழியல்லாத மொழியிலேயே பேசப்படுகிறது. இந்தி வடிவத்துக்குத் தணிக்கைச் சான்று வழங்கப்பட்டபோதோ சீதா என்னும் பெயரை நீதா என மாற்றும்படி கேட்கப்பட்டது. உறவைக் குறிக்கச் சொல் இல்லாதவள், தாய்மொழிக்குத் திரும்பும்போது தன் இயற்பெயரையும் இழக்கிறாள். அச்சத்துக்கு உரியதாக இருந்தது காட்சி மட்டுமன்று, பெயரும் என்பது இதனால் புலனாகிறது.

இப்படத்துக்குத் தூண்டுகோலாக அடிக்கடி குறிப்பிடப்படும் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ என்னும் உருதுச் சிறுகதை 1942இல் வெளிவந்தது. ஆபாசக் குற்றச்சாட்டின்பேரில் லாகூர் நீதிமன்றத்தில் அவர் விசாரிக்கப்பட்டார். ஆபாசமான சொல் ஒன்றையும் கதையில் எடுத்துக்காட்ட இயலாமையால் அவ்வழக்கு நிலைக்கவில்லை. அன்று சொல் இன்மை எழுத்தாளருக்குக் காப்பாக அமைந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் ‘ஃபயர்’ படத்தில் அதே சொல் இன்மை சிறையாகிறது. மறைத்துக் கூறுதல் ஒரு காலத்தின் உத்தி. அது எல்லாக் காலத்துக்கும் போதுமானதன்று.

படத்தில் வாய்பேச இயலாத மாமியார் ‘பீஜி’ மணியடித்தே தன் தேவைகளைத் தெரிவிக்கிறாள். உறவை அறிந்ததும் இராதாவின் முகத்தில் உமிழ்கிறாள். பேச்சற்றவளும் தண்டிக்கும் ஆற்றல் பெற்றவள் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது. ஆயின் காட்டிக்கொடுப்பவனாக வீட்டுப் பணியாளன் முண்டுவை அமைத்த இடத்தில் படம் தன் எல்லையைக் காட்டிவிடுகிறது. இரு பெண்களின் விருப்பத்தைப் பரிவோடு நோக்கும் படம், பணியாளனின் விருப்பத்தை நகைப்புக்கும் அருவருப்புக்கும் உரியதாகவே வைக்கிறது. இவ்வர்க்கச் சிக்கல் பின்வரும் படங்களிலும் வேறு வடிவில் தொடர்வது நோக்கத்தக்கது.

தன்மையும் படர்க்கையும்

‘நானு அவனல்ல அவளு’ 2015இல் வெளிவந்த கன்னடப் படம். பி.எஸ். லிங்கதேவரு இயக்கியது. லிவிங் ஸ்மைல் வித்யா தமிழில் எழுதிய தன்வரலாறே அதன் மூலம். மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற திருநங்கை ஒருவர் தம் வாழ்வைத் தமிழில் எழுத, அது கன்னடத்துக்குச் சென்று திரைப்படமாக, நாயகன் சஞ்சாரி விஜய் 2014ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைப் பெற்றார். தமிழிலிருந்து இந்திய மொழி ஒன்றுக்குச் சென்ற தன்வரலாறுகளுள் இத்துணைத் தொலைவு பயணம் செய்தவை மிகச் சிலவே.

மூலநூலின் தலைப்பில் ‘நான்’ உண்டு. கன்னடத் தலைப்பில் ‘நான்’ என்பதோடு ‘அவன்’, ‘அவள்’ என்னும் இரு படர்க்கைச் சுட்டுகளும் சேர்கின்றன. இம்மாற்றம் மேலோட்டமானதன்று. தமிழிலும் கன்னடத்திலும் தன்மை வினை பால் காட்டுவதில்லை. ‘வந்தேன்’ எனக் கூறுபவர் ஆணா பெண்ணா என வினைமுற்று சொல்லாது. எனவே தமிழில் தன்வரலாறு எழுதும் திருநங்கைக்குத் தன்மை இடம் ஒரு புகலிடம். சிறுவனாக அறியப்பட்ட காலத்தையும் பெண்ணாக வாழும் காலத்தையும் ஒரே விகுதியால் அவர் இணைத்துவிட முடிகிறது. தன்மை ஒருமையிலும் பால் காட்டும் வினை வடிவங்களை உடைய இந்தியில் இவ்வாய்ப்பு இல்லை.

திரைப்படம் இயல்பிலேயே படர்க்கை ஊடகம். ஒளிப்படக் கருவி ஒருவரைப் புறத்தே நின்று பார்க்கிறது. பார்க்கும் கணத்திலேயே அவனா அவளா என்னும் வினா எழுகிறது. ‘நான்’ என்னும் புகலிடத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் பிறர் கண்முன் நிற்கும் நிலையையே கன்னடத் தலைப்பு பெயரிடுகிறது. சிற்றூரில் பெண்ணுடை விரும்பும் சிறுவனாகத் தொடங்கி, வீட்டை விட்டு வெளியேறி, திருநங்கையர் குழுவில் சேர்ந்து, இரந்துண்டு, அறுவை மேற்கொண்டு, மதிப்புள்ள வேலையொன்றைத் தேடுவது வரை நீளும் படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் போராட்டம் இந்த விகுதியைப் பற்றியதே. 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம், பால் அடையாளத்தைத் தாமே வரையறுத்துக்கொள்ளும் உரிமை திருநருக்கு உண்டு எனத் தீர்ப்பளித்ததை இதனோடு இணைத்து நோக்கலாம். நன்னூலாரின் ‘அவாவுதல்’ என்னும் அளவுகோலும் நீதிமன்றத்தின் தன்வரையறை என்னும் அளவுகோலும் ஒன்றல்ல. முன்னது சொல் முடிபு பற்றியது, பின்னது குடியுரிமை பற்றியது. ஆயினும் புறத்தோற்றத்தை விடுத்து அகவிருப்பத்தைச் சான்றாகக் கொள்ளும் முறையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன.

மொழியில் பால் வேறுபாடு இல்லையாயின் இத்துன்பம் நீங்கிவிடுமா என்னும் வினாவும் எழலாம். வங்கமொழியில் படர்க்கைச் சுட்டுப்பெயர் பால் காட்டுவதில்லை. அம்மொழியில் கௌசிக் கங்குலி இயக்கிய ‘நகர்கீர்த்தன்’ படத்தின் நாயகி புட்டி பொதுவெளியில் ஆடை களையப்பட்டு இழிவுபடுத்தப்பட்டுத் தற்கொலையில் முடிகிறாள். இலக்கணத்தில் பால் இல்லாமை, சமூகத்தில் பால்சார்ந்த வன்முறை இல்லாமை ஆகாது. விகுதி நோயன்று, நோயின் அறிகுறி.

மூன்றெழுத்தில் அடங்காதது

ஹன்சல் மேத்தா இயக்கி, அபூர்வா அஸ்ரானி எழுதி, 2016 பிப்ரவரியில் வெளிவந்த ‘அலிகர்’ உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நவீன இந்திய மொழிகள் துறையில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ், 2010 பிப்ரவரியில் தம் இல்லத்தில் ஓர் ஆணுடன் இருந்தபோது அத்துமீறி நுழைந்தோரால் படம்பிடிக்கப்பட்டார். அதன்பின் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். அலகாபாத் உயர்நீதிமன்றம் ஏப்ரல் தொடக்கத்தில் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. சில நாள்களில் அவர் இறந்துகிடக்கக் காணப்பட்டார்.

காலவரிசை ஒன்றை இங்குக் கருதுதல் வேண்டும். தில்லி உயர்நீதிமன்றம் 2009 ஜூலையில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2013 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் அப்பிரிவின் பிடியிலிருந்து இசைவான உறவை விடுவித்தது. ஆகவே சிராஸ் துன்புறுத்தப்பட்டபோது அவ்வுறவு குற்றமாகக் கருதப்படவில்லை. அவரைப் பற்றிய படம் வெளிவந்தபோது அது மீண்டும் குற்றமாகியிருந்தது. சட்டத்தின் காப்பு இருந்த காலத்திலேயே ஒருவர் அழிந்துபோனார் என்பதையே படம் முன்வைக்கிறது.

படத்தின் தொடக்கக் காட்சியில் ஒளிப்படக் கருவி பனிபடர்ந்த இரவில் கட்டடத்துக்கு வெளியே அசைவின்றி நிற்கிறது. அறைக்குள் அது நுழைவதில்லை. பிறர் நுழைந்து எடுத்த படத்தால் வாழ்விழந்த ஒருவரைப் பற்றிய படம், தானும் நுழையலாகாது என்னும் அறத்தோடு தொடங்குகிறது. மனோஜ் பாஜ்பாய் ஏற்ற சிராஸ், இளம் இதழாளர் தீபுவிடம், தம் உணர்வை ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்குள் எவ்வாறு அடக்க முடியும் என வினவுகிறார். கவிதை சொற்களில் இல்லை, சொற்களுக்கிடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது என்பதும் அவர் கருத்து.

‘ஃபயர்’ படத்தின் சீதா சொல் இல்லையே என வருந்தினாள். சிராஸோ சொல் கிடைத்த பின்னும் அதனை மறுக்கிறார். இம்மறுப்பு கோழைமை அன்று, கவிஞரின் தகவு. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் சுட்டிய கணத்தில் அகம் புறமாகிவிடுகிறது. சிராஸின் வாழ்வில் அத்துமீறியோர் செய்தது இதுவே. அகத்துக்குரியதைப் பெயரிட்டுப் புறமாக்கினர். சங்கப் புலவர் ‘அலர்’ என்று குறித்த ஊர்ப்பேச்சு, சங்கப் பாடலில் காதலரைத் திருமணத்தை நோக்கி விரைவுபடுத்தும். இங்கு அலர், சாவை நோக்கி விரைவுபடுத்துகிறது.

இப்படம் தமிழ்த்துறைகளுக்கு, குறிப்பாகத் தமிழகத்துக்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகளுக்கு, மேலும் ஒரு வகையில் நெருக்கமானது. உருது மணக்கும் ஊரில் மராத்தி கற்பிக்கும் தனிமையைச் சிராஸ் குறிப்பிடுகிறார். தாய்மொழி பேசுவோர் அருகில்லாத ஊரில் அம்மொழியின் இலக்கியத்தைக் கற்பிப்பவரின் வாழ்வை இந்தியத் திரைப்படம் இவ்வளவு நுட்பமாக வேறெங்கும் காட்டியதில்லை. அவருடைய பாலீர்ப்பும் அவருடைய மொழியும் ஆகிய இரண்டும் அவரை அந்நியராக்குகின்றன. நீதிமன்றத்தில் தம் வாழ்வைப் பற்றி வழக்கறிஞர்கள் வாதிடும்போது அவர் தம் கவிதைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மொழியாசிரியரின் மனத்தை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலாது.

ஆயினும் அவருடன் இருந்த ரிக்‌ஷா ஓட்டுநர் இர்ஃபானுக்குப் படம் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. கவிஞருக்கு மௌனம் ஒரு தேர்வு. ஓட்டுநருக்கு அது தேர்வன்று, சுமத்தப்பட்டது. இவ்விரு மௌனங்களையும் படம் வேறுபடுத்திக் காட்டியிருப்பின் மேலும் சிறந்திருக்கும்.

வழக்குரைக்குள் ஒரு சொல்

ஜியோ பேபி இயக்கிய ‘காதல் – தி கோர்’ என்னும் மலையாளப் படம் 2023 நவம்பர் 23 அன்று வெளியாயிற்று. ஒருபால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்சநீதிமன்றம் மறுத்தது அதே ஆண்டு அக்டோபர் 17 அன்று. இடைவெளி ஐந்து வாரமே. 2023ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருதையும் இது பெற்றது.

கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோய் ஊரில், ஊராட்சி இடைத்தேர்தலில் இடதுசாரி வேட்பாளராக நிற்கும் மாத்யூவாக மம்மூட்டி நடித்துள்ளார். அவ்வேளையில் மனைவி ஓமனா, அதாவது ஜோதிகா, கணவர் தன்பாலீர்ப்பினர் என்றும் அதனால் தான் துன்புற்றதாகவும் கூறி மணமுறிவு கோருகிறார். மாத்யூ மறுக்கிறார். படத்தின் பெரும்பகுதி அவருடைய மறுப்பும் மௌனமுமே.

இங்குப் பெயரிடுபவர் பகைவர் அல்லர், மனைவி. பழிவாங்கவும் அவர் பெயரிடவில்லை. இருபது ஆண்டுக்காலம் இருவரையும் பிணித்திருந்த பொய்யிலிருந்து இருவரும் விடுபட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அகத்திணை மரபில் களவை வெளிப்படுத்தும் துறைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். தலைவியின் காதலை மறைத்து வேறொருவருக்கு மணம் முடித்தல் அறமன்று என்பதால் தோழி உண்மையை உரைக்கிறாள். ஓமனாவின் மனுவை இத்துறையின் நோக்கில் அணுகுதல் பொருந்தும். மறைந்த காதலை அவள் வெளிப்படுத்துவது அறத்தின் பொருட்டே. வேறுபாடு இதுதான்: மரபில் அறத்தொடு நிற்றல் மணத்துக்கு வழிவகுக்கும், இங்கு மணத்தை அவிழ்க்கிறது.

மகனின் இயல்பைத் தாம் முன்பே அறிந்திருந்ததாகவும் திருமணம் அதனை மாற்றிவிடும் எனக் கருதியதாகவும் மாத்யூவின் தந்தை நீதிமன்றத்தில் கூறும் காட்சி படத்தின் உச்சம். அறத்தொடு நிற்க வேண்டியவர் அன்று நிற்கவில்லை. அதன் விலையை மகனும் மருமகளும் இருபது ஆண்டு கொடுத்தனர். தன்பாலீர்ப்பினர் ஒருவரைக் கட்டாயத் திருமணத்துக்கு உட்படுத்தும் குடும்பம் இருவரின் வாழ்வைப் பறிக்கிறது என்பதை வேறெந்த இந்தியப் படமும் இவ்வளவு அமைதியாக உணர்த்தவில்லை. ‘ஃபயர்’ கணவன்மாரைக் குறைபாடுடையவராகக் காட்டியே பெண்களின் காதலுக்கு நியாயம் தேடியது. ‘காதல்’ யாரையும் தீயவராக்காமல் அநீதியைக் காட்டுகிறது. கால் நூற்றாண்டில் இந்தியத் திரைப்படம் அடைந்த முதிர்ச்சி இது எனலாம்.

எனினும் மாத்யூவின் காதலன் தங்கன், கார் ஓட்டப் பயிற்சி தரும் எளியவன். அவனுக்கு உரையாடல் மிகக் குறைவு. ஊரின் ஏளனம் அவன்மீதும் அவனோடு வாழும் சிறுவன்மீதும் விழுகிறது. தேர்தலில் வெல்வதோ மாத்யூ. இர்ஃபானுக்கு நேர்ந்ததே தங்கனுக்கும் நேர்கிறது. தன்பாலீர்ப்பினரின் மாண்பைப் பேசும் படங்கள், இணையருள் சமூக நிலையில் தாழ்ந்தவரின் குரலைத் தொடர்ந்து கைவிடுகின்றன என்னும் முடிவுக்கு இவ்விரு படங்களும் இட்டுச் செல்கின்றன.

‘அப்பா’ என்னும் விளி

தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் திருநங்கையரைக் கைதட்டலும் கேலிப்பாட்டுமாகவே அறிந்திருந்தது. நகைச்சுவைக்கு அப்பால் சென்றபோது கொடியவராக்கியது. ‘அப்பு’ (2000) படத்தின் எதிர்நாயகப் பாத்திரமும், திருநங்கையரின் எதிர்ப்புக்கு உள்ளான ‘ஐ’ (2015) படத்தின் ஒப்பனைக் கலைஞர் பாத்திரமும் இதற்குச் சான்றுகள். தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) இவ்வரிசையிலிருந்து பெரிதும் விலகியது.

பல ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுச் சென்ற மாணிக்கம், ஷில்பாவாகத் திரும்புகிறாள். சுற்றத்தார் திகைக்கின்றனர். மகன் ராசுக்குட்டி மட்டும் திகைக்கவில்லை. புடவையணிந்த அவளை ‘அப்பா’ என்றே அழைக்கிறான். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் தங்களோடு இருந்தால் போதும் என்பதே அவன் கோரிக்கை. ‘நானு அவனல்ல அவளு’ படத்தில் ஆண்பாற் சுட்டு வன்முறையாகிறது. ஈண்டு ஆண்பால் முறைப்பெயரே அன்பின் வடிவாகிறது. ஒரு சொல் காயப்படுத்துவதும் ஆற்றுவதும் அதன் இலக்கணத்தால் அன்று, அதனைச் சொல்பவரின் உள்ளத்தால் என்பதைச் சிறுவனின் விளி உணர்த்துகிறது.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். ஷில்பா ஏற்கப்படுவது தந்தை என்னும் நிலையிலேயே. குடும்பத்துக்கு வெளியே அவளுக்குக் காவல்நிலையத்தில் கிடைப்பது பாலியல் கொடுமை. அவள் கடந்த காலத்தோடு குழந்தைக் கடத்தலைத் தொடர்புபடுத்திய பகுதியைத் திருநங்கையர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானது. பழைய இழிவுச் சித்திரத்தைக் களைய முனைந்த படம், அச்சித்திரத்தின் ஒரு துண்டைக் கதைத்திருப்பத்துக்காகத் தக்கவைத்துக்கொண்டது.

பெயருக்குள் மறைந்த பெயர்

நீரஜ் கெய்வான் இயக்கிய ‘கீலி புச்சி’, 2021இல் வெளிவந்த ‘அஜீப் தாஸ்தான்ஸ்’ என்னும் தொகுப்பிலுள்ள குறும்படம். தொழிற்சாலையில் இயந்திரப் பணி செய்யும் தலித் பெண் பாரதிக்கும், பாரதி விரும்பிய அலுவலகப் பணியில் புதிதாகச் சேரும் பிராமணப் பெண் பிரியாவுக்கும் இடையே அரும்பும் ஈர்ப்பே கதை. பாரதியாகக் கொங்கணா சென் சர்மாவும் பிரியாவாக அதிதி ராவ் ஹைதரியும் நடித்துள்ளனர். பாரதி தன் பாலீர்ப்பை அறிந்தவள், அதற்காக வெட்கப்படாதவள். அவள் மறைப்பது தன் சாதியை. பிரியாவோ தன் பாலீர்ப்பைத் தானே அறியாதவள். ஆனால் சாதியின் நுட்பங்களை நன்கு அறிந்தவள். இறுதியில் பிரியாவின் புகுந்த வீட்டில் பிறருக்குப் பீங்கான் கோப்பையிலும் பாரதிக்கு எஃகுக் குவளையிலும் தேநீர் தரப்படுகிறது.

மேற்கண்ட படங்களில் இர்ஃபான், தங்கன் ஆகியோரின் மௌனத்துக்கு இக்குறும்படம் விடை தருகிறது. பாலீர்ப்பின் பெயரை உரக்கச் சொல்லும் உரிமையும் சமூகத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை. ஒரு பெயரால் ஒடுக்கப்படுபவர் அதனைச் சொல்லி விடுதலை அடையலாம். இரு பெயர்களால் ஒடுக்கப்படுபவருக்கு ஒன்றைச் சொல்வது மற்றொன்றைக் காட்டிக்கொடுப்பதாகிறது. ஆறு படைப்புகளுள் மிகக் குறுகியதாகிய இது, இவ்வகையில் மிக ஆழமானது.

நடிப்பவர் யார்

பெயரிடும் உரிமை திரைக்கதையோடு முடிவதில்லை. 2014ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைச் சஞ்சாரி விஜயும், 2017ஆம் ஆண்டுக்கானதை ‘நகர்கீர்த்தன்’ படத்துக்காக ரித்தி சென்னும், 2019ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகருக்கான விருதை ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்துக்காக விஜய் சேதுபதியும் பெற்றனர். மூவரும் திருநங்கையராக நடித்த ஆண்கள். மூவரின் நடிப்பும் பாராட்டத்தக்கதே. ஆயின் திருநங்கையாக நடிப்பது ஆண் நடிகரின் திறனுக்கு உரைகல்லாகிவிட்டமை, அவரை அடிப்படையில் வேடமிட்ட ஆணாகவே காணும் பழைய பார்வைக்குத் துணைசெய்கிறது.

மாற்று முயற்சிகளும் உள்ளன. ‘நர்த்தகி’ (2011) என்னும் தமிழ்ப் படத்தில் கல்கி சுப்ரமணியமும், ராம் இயக்கிய ‘பேரன்பு’ படத்தில் அஞ்சலி அமீரும் நடித்தனர். ‘அந்தரம்’ என்னும் மலையாளப் படத்துக்காக நேகா கேரள அரசின் விருதைப் பெற்றார். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ‘பேடு’ ஒன்று. அதனை ஆடியவள் மாதவி. பிறர் அவர்களாக ஆடும் மரபு தொன்மையானது. அவர்களே அவர்களாக ஆடும் காலம் இப்போதுதான் தொடங்கியுள்ளது.

முடிவுரை

சொல் இல்லை என்னும் துயரம், விகுதியை மாற்றும் போராட்டம், வந்த சொல்லை மறுக்கும் தகவு, அறத்தின்பொருட்டுப் பெயரிடல், அன்பால் பொருள் மாறும் விளி, சாதியால் அடைபடும் வாய் என ஆறு நிலைகளை இப்படைப்புகள் காட்டுகின்றன. இவற்றுள் முதலாவது நிலை, தமிழைப் பொறுத்தவரை, இன்று பெருமளவு மாறிவிட்டது. திருநங்கை, திருநம்பி, திருநர், தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்னும் சொற்கள் வழக்கில் உள்ளன. தமிழ்நாடு அரசு 2008இல் திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் தொடங்கிய வழிகாட்டல்களின் தொடர்ச்சியாக, மதிப்புடைய கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றை 2022இல் அரசே வெளியிட்டது.

சொல் உண்டாயிற்று. அச்சொல்லைத் தமிழ் வகுப்பறை எவ்வாறு வழங்கப்போகிறது என்பதே எஞ்சும் வினா. தொல்காப்பிய, நன்னூல் நூற்பாக்களைக் கற்பிக்கும்போது, அவை சுட்டும் மனிதர் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கக்கூடும் என்னும் உணர்வு ஆசிரியருக்கு வேண்டும். நன்னூலாரின் நூற்பாவில் இரு வழிகள் உள்ளன: விரும்பிய பாலில் உயர்திணையாகக் கொள்வது ஒன்று, அஃறிணையாக ஒதுக்குவது மற்றொன்று. உரைகாரர் இரண்டையும் விளக்கலாம். சமூகம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இவ்வாறு படங்களும் முன்னதைத் தேர்ந்தெடுக்கும்படி, ஒவ்வொன்றும் தன் குறையோடும் தன் நிறையோடும், வேண்டுகின்றன.